குரல்களைச் சேர்க்கும் கடிகாரம்

நல்ல மழை விழுந்த கரிசல் காட்டில் சில நாட்களுக்குக் கால் வைக்க முடியாது. மண் களியாகி கலப்பைக் கொழுவிலும் டிராக்டர் சக்கரத்திலும் அப்பிக்கொள்ளும். அதனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி விவசாயிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகவே, காய்ந்து கிடக்கும் மண்ணில் விதைத்துவிடுகிறார்கள். விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் சிறு தூறலுக்கு அது முளைக்காது. மண் நன்றாக நனையும் மழைக்குத்தான் முளைக்கும். முந்தி விதைத்தால் எறும்பும் பறவையும் தின்னும். அரைகுறை ஈரத்தில் முளைத்துக் கருகவும் செய்யும். பிந்தினால் காட்டுக்குள் இறங்கவே முடியாது. புரட்டாசிப் பட்டத்தில் இந்த முடிவை எடுக்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். பத்து ஊர்க்காரர்களும், 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ஒருவரும் அந்த நாட்களில் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசினால் அதன் மதிப்பு பெரிது. பொத்தான் வைத்த சாதாரண போன் இருந்தாலே அப்படிப் பேசிவிடலாம். இணையமும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

தொலைபேசியில் விவசாயம் பேசுவது நமக்குப் பழக்கமானதே. 2004 ஜனவரியில் மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. அங்கே ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார். பக்கத்துக் காட்டுக்காரருக்கு அந்தப் பேச்சு கேட்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஒரு படி மேலே போய், விவசாயிகளையும் மீனவர்களையும் குழுவாக நிபுணர்களோடு போனில் பேச வைத்தது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது இந்த வித்தியாசத்தின் அருமை தெரிந்திருக்கும். அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்டறியப்பட்ட புழு, சில மாதங்களில் தென்மாவட்ட மானாவாரிக் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் புழுவை எப்போது, எந்த வயதுப் பயிரில் தேடுவது என்பதை ஒருவர் கேட்டு நாற்பது பேர் காதில் வாங்கினால், நாற்பது காடுகளில் மறுநாள் காலையிலேயே குருத்தை விரித்துப் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு கூட்டு அழைப்பை நடத்த ஒரு காலத்தில் பெரிய எக்ஸ்சேஞ்சு வேண்டியிருந்தது. அதை மாற்றியது ஆஸ்டிரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருள். 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் உதவி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சு வாங்க அவரிடம் பணமில்லை. அதனால் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் ஒன்றைத் தானே எழுதினார். மூலநிரலைத் திறந்து வைத்ததால் உலகம் அதை எடுத்துக்கொண்டது. 2010-ல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, கிராமத்து மக்கள் போனில் தங்கள் செய்தியைப் பதிவு செய்யவும் பிறர் செய்தியைக் கேட்கவும் வழிசெய்தது. அதன் அடியிலும் இந்த ஆஸ்டிரிஸ்க்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஓர் இணைப்பு, பொறுமையுள்ள ஓர் ஆள். இவ்வளவு இருந்தால் கோவில்பட்டியில் ஒரு சிறு உழவர் குழுவே தனக்கென்று கூட்டு அழைப்பு சர்வர் நடத்தலாம். அப்படி ஒரு குழு நடத்துவதாகவே வைத்துக்கொள்வோம்.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சர்வர் அது. யாரோ மென்பொருளை அப்டேட் செய்கிறார்கள். அதன்பிறகு ஒரு நாள் கூட்டத்துக்கு அழைத்தால் இணைப்பு உடனே அறுந்துபோகிறது. அல்லது உள்ளே போக முடிகிறது, ஒரு சத்தமும் இல்லை. அல்லது எல்லோர் குரலும் வெட்டி வெட்டி வருகிறது. ‘போன் கெட்டுப்போச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த மூன்றும் வெவ்வேறு அடுக்குகளில் பிறக்கும் கோளாறுகள். எது எங்கே பிறக்கிறது என்று புரிய, பல குரல்கள் ஒன்றாகும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

பல கம்பிகளை முறுக்கி ஒன்றாகக் கட்டுவதுபோல் குரல்களும் இணைக்கப்படுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். டிஜிட்டல் போனில் நடப்பது கூட்டல் கணக்கு. பேசுபவரின் ஒலி அலை நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. அந்த அளவுகள் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாகக் கிளம்புகின்றன. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது: ஒவ்வொரு பாக்கெட்டும் எண்ணி 160 குச்சி அடைத்த ஒரு தீப்பெட்டி, ஒருவர் வாயிலிருந்து நொடிக்கு 50 பெட்டி வருகிறது. முப்பது பேர் கூடிய அழைப்பில் சர்வர் முப்பது பெட்டிகளைத் திறந்து, முதல் எண்ணோடு முதல் எண், இரண்டாவதோடு இரண்டாவது என்று கூட்டுகிறது. வந்த மொத்தத்தை அப்படியே எல்லோருக்கும் அனுப்பினால் பேசுபவருக்குத் தன் குரலே சற்றுத் தாமதித்து எதிரொலிக்கும், நாக்கு குழறிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் அனுப்பும்போது மொத்தத்திலிருந்து அவரவர் குரலைக் கழித்துவிட்டு அனுப்புகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் தொலைபேசிக் குரல் ஏ-லா என்ற முறையில் 8 பிட்டுக்குள் சுருக்கப்படுகிறது. வட அமெரிக்காவில் மியூ-லா. இரண்டுமே மடக்கை அளவுகோலை ஒட்டியவை. மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகன்ற படிகள். இந்தச் சுருக்கிய எண்களை நேராகக் கூட்டினால் வருவது இரைச்சல். முதலில் 16 பிட் நேர்கோட்டு எண்ணாக விரித்து, கூட்டி, பிறகு மறுபடி சுருக்க வேண்டும். கூட்டுத்தொகை 32767-ஐத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். இந்த வேலை நொடிக்கு 50 முறை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடக்கிறது. இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் சிரமமே அல்ல.

சிரமம் நேரத்தில் இருக்கிறது. இருவர் மட்டும் பேசும் அழைப்பில் சர்வருக்குக் கடிகாரமே தேவையில்லை. இந்தப் பக்கம் பாக்கெட் வந்ததும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். முப்பது பேரின் பாக்கெட்டுகள் முப்பது வழியில், முப்பது வேறு கணங்களில் வருகின்றன. யாருடையதற்காகக் காத்திருப்பது? எட்டயபுரத்திலிருந்து ஒன்று தாமதித்தால் மற்ற இருபத்தொன்பது பேரையும் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே சர்வர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை உள்ளே ஒரு கடிகாரம் தட்டுகிறது; தட்டிய கணத்தில் கைக்கு வந்திருப்பதை எடுத்துக் கூட்டி அனுப்பிவிடுகிறது. கூட்டு அழைப்பின் உயிர் இந்தத் தட்டலில்தான் இருக்கிறது. அது நின்றால் எல்லோரும் இணைப்பில் இருந்தும் அமைதிதான். அது தடுமாறினால் குரல் வெட்டுப்படும். அதனால் ‘நேர் அழைப்பு நன்றாக இருக்கிறது, கூட்டு அழைப்பு மட்டும் கெட்டுவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது கடிகாரத்தைத்தான்.

அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்ற கதையிலேயே அப்டேட் கோளாறின் வேரும் இருக்கிறது. ஜிம் டிக்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், தொலைபேசிக் கம்பியைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் சொருகுவதற்கான அட்டைகளை வடிவமைத்து, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார். மெக்சிகோவின் விவசாயப் புரட்சியாளர் எமிலியானோ சபாட்டாவின் நினைவாக அந்தத் திட்டத்துக்குச் சபாட்டா என்று பெயரிட்டார். அதிலிருந்து ஜாப்டெல் என்ற இயக்கி மென்பொருள் பிறந்தது. தொலைபேசி வலையமைப்பின் துல்லியமான கடிகாரம் கம்பி வழியே அட்டைக்கு வரும்; அட்டை மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது 8 அளவுகளுக்கு ஒருமுறை, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும். ஆஸ்டிரிஸ்கின் பழைய கூட்டு அழைப்புச் செயலியான மீட்மீ, குரல்களைக் கூட்டும் வேலையையே இந்த இயக்கியிடம் ஒப்படைத்திருந்தது. அட்டை இல்லாத கம்ப்யூட்டரில் தட்டலுக்கு என்ன செய்வது? அதற்காகவே ஜெட்டிடம்மி என்ற பாவனை இயக்கி ஒன்று இருந்தது. தொலைபேசி வேலை எதுவும் செய்யாது. நேரத்தை மட்டும் தட்டும். 2008-ல் வணிகக் குறிச் சிக்கலால் ஜாப்டெல்லின் பெயர் டாடி என்று மாறியது. பழைய பெயரை எதிர்பார்த்து எழுதிய அமைப்புக் கோப்புகள் அந்த அப்டேட்டில் ஒரேயடியாகப் பயனற்றுப்போயின.

டாடி லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்யும் மாட்யூல். ஒரு கெர்னல் பதிப்புக்காகக் கட்டிய மாட்யூல் பொதுவாக இன்னொரு பதிப்பில் ஏறாது. ஒவ்வொரு கெர்னலும் தன் பதிப்பு எண் தாங்கிய தனி அடைவில்தான் மாட்யூல்களைத் தேடும். பாதுகாப்பு அப்டேட் புதிய கெர்னலைக் கொண்டுவருகிறது. அதன் அடைவில் டாடி இல்லை. சர்வர் எழுகிறது, ஆஸ்டிரிஸ்க் ஓடுகிறது, இணையம் வழியே வரும் நேர் அழைப்புகள் எல்லாம் சரி. கூட்டத்துக்குள் போனால் மட்டும் தட்டுவதற்கு ஆளில்லை.

இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. புதிய கெர்னல் அப்டேட் செய்த நாளில் வேலைக்கு வருவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போடும் வரை பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ஆனியில் அப்டேட் செய்தவர் எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆடி கழியும், ஆவணி கழியும். புரட்டாசியில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் கரண்ட் இருக்காது. யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்துவிடும். மாலையில் கரண்ட் வந்து சர்வர் எழும்போதுதான் புதிய கெர்னல் முதன்முறையாக ஓடும். கூட்டு அழைப்பு போகாது. பார்ப்பவர் மின்தடையைக் குறை சொல்வார், மின்னழுத்தத்தைச் சந்தேகிப்பார், அட்டையைக் கழற்றித் துடைப்பார். உண்மையான காரணம் மூன்று மாதத்துக்கு முந்தையது. அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பையும் டாடி கட்டப்பட்ட பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. இரண்டு கட்டளைகளில் தெரிந்துவிடும். வேறுபட்டால், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து எழுப்பினால் அன்றைய கூட்டம் நடந்துவிடும். நிரந்தரத் தீர்வு, புதிய கெர்னலுக்கு டாடியை மறுபடி கட்டுவது. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை வைத்தால் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் அது தானாகவே நடக்கும். புதிய கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் இயங்கினால், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. கட்டி முடித்தும் ஏறவில்லை என்றால் அங்கே பார்க்க வேண்டும்.

ஆஸ்டிரிஸ்கை உருவாக்குபவர்களும் இந்தச் சார்பின் சங்கடத்தை உணர்ந்தார்கள். கான்ஃப்பிரிட்ஜ் என்ற மாற்றுச் செயலியை 2011-ல் வந்த 10-ம் பதிப்பில் முழுவதுமாக மாற்றி எழுதினார்கள். அது குரல்களை ஆஸ்டிரிஸ்குக்குள்ளேயே கூட்டுகிறது. தட்டலுக்கு லினக்ஸ் தரும் டைமர்எஃப்டி வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும். டாடி இல்லாமலே கூட்டம் நடக்கும். பெரிய விடுதலை இது. தொலைபேசி அட்டை இல்லாத எந்தச் சர்வரும் இதற்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மாற்றம் தானாக நடக்காது. எண்களை வழிநடத்தும் கோப்பில் ‘மீட்மீ’ என்றே எழுதியிருந்து, டாடி இல்லாத கம்ப்யூட்டரில் ஆஸ்டிரிஸ்கைப் புதிதாகக் கட்டினால் மீட்மீ கட்டப்படவே படாது. அழைப்பு வந்ததும், அப்படி ஒரு செயலியே இல்லை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பு அறுந்துபோகும். முதலில் சொன்ன உடனடி அறுப்பு பல சமயம் இதுதான். 2023-ல் வந்த 21-ம் பதிப்பில் இன்னும் பெரிய வெட்டு: இணையவழி அழைப்பை ஏற்படுத்தும் பழைய சிப் இயக்கியும், எண்களை வழிநடத்தும் கோப்பில் பயன்பட்ட மேக்ரோ செயலியும் நீக்கப்பட்டன. பழைய சிப் இயக்கியை நம்பிய அமைப்புகள் பிஜேசிப் முறைக்கு மாறாமலும், மேக்ரோவை நம்பியவை அதைக் கைவிடாமலும் அந்தப் பதிப்புக்குப் போகக் கூடாது.

தட்டல் சரியாக இருக்கிறதா என்று ஆஸ்டிரிஸ்கிடமே கேட்கலாம். அதன் கட்டளைத் திரையில் ‘டைமிங் டெஸ்ட்’ என்று கொடுத்தால் நொடிக்கு 50 தட்டல் கேட்டு, எத்தனை மில்லிநொடியில் எத்தனை கிடைத்தன என்று சொல்லும். 1000 மில்லிநொடிக்கு 50 வந்தால் நிம்மதி. எண்ணிக்கை குறைந்தாலோ நேரம் நீண்டாலோ குரல் வெட்டுப்படுவதன் காரணம் கையில் கிடைத்துவிட்டது. வாடகை மெய்நிகர் சர்வர்களில் இது அடிக்கடி நேரும். ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது நம் பங்கு நேரம் தாமதமாக வரும். தட்டல்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மொத்தமாக வந்து விழும். சராசரி சரியாக இருந்தும் காது ஒப்புக்கொள்ளாது.

கடிகாரம் சரியென்று தெரிந்தபிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். அதற்குச் சிக்கனமான ஒரு வழி உண்டு. முதலில் ஒரே போனில் எதிரொலிச் சோதனை எண்ணை அழைத்துப் பேசுங்கள்; நம் குரல் திரும்பி வந்தால் போகும் வழியும் வரும் வழியும் திறந்திருக்கின்றன. பிறகு இரண்டு போன்களுக்கிடையே நேர் அழைப்பு. பிறகு மூன்று போன்களோடு கூட்டம். எந்தப் படியில் கெடுகிறது என்பதே கோளாறு எந்த அடுக்கில் என்று காட்டிவிடும். பலர் முப்பது பேரையும் மறுபடி மறுபடி அழைத்துச் சோதிக்கிறார்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர்களின் நேரம் வீணாகிறது, காரணமும் தெரிவதில்லை.

எதிரொலிச் சோதனையிலேயே குரல் திரும்பவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஃபயர்வால். அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வாசல் வழியே போகிறது. குரல் பாக்கெட்டுகள் 10000 முதல் 20000 வரையிலான வேறு வாசல்களில் வருகின்றன. அப்டேட் ஃபயர்வால் விதிகளைப் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தால் மணி அடிக்கும், எடுப்பார்கள், குரல் மட்டும் வராது. ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் தன் உள் முகவரியை வெளியே சொல்லிவிட்டாலும் இதே நிலைதான்: சர்வர் அனுப்பும் குரல் வெளியே கேட்கும், வெளியிலிருந்து பேசுபவர் குரல் சர்வருக்கு வராது.

உள்ளே நுழைய அழுத்தும் ரகசிய எண்ணைச் சர்வர் ஏற்கவில்லை என்றால் அது வேறு கதை. பொத்தானின் ஒலி இரண்டு அதிர்வெண்களின் சேர்க்கை. அதைக் குரலோடு குரலாக அனுப்பலாம், அல்லது ‘இன்ன எண் அழுத்தப்பட்டது’ என்ற தனிச் செய்தியாக அனுப்பலாம். அப்டேட்டில் ஒரு பக்கம் முறை மாறிவிட்டால் சர்வர் கேட்கும் இடத்தில் எண் வராது. குரலை 8 கிலோபிட்டுக்குச் சுருக்கும் ஜி.729 கோடெக் இடையில் இருந்தால் பொத்தான் ஒலி சிதைந்துவிடும். மனிதக் குரலுக்காகவே செய்யப்பட்ட சுருக்கம் அது. அந்தக் கோடெக்கைத் தனியாக வாங்கி நிறுவியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்டிரிஸ்கின் ஒரு பெரும் பதிப்புக்குக் கட்டிய மாட்யூலை அடுத்த பெரும் பதிப்பு ஏற்காது.

தமிழ் அறிவிப்புகள் திடீரென ஆங்கிலத்துக்கு மாறுவதும் அப்டேட்டின் வேலையே. ‘உங்கள் எண்ணை அழுத்தவும்’ என்று ஊர்ப் பெண் ஒருவர் குரலில் பதிவு செய்து, ஆங்கிலக் கோப்பின் மேலேயே அதே பெயரில் சேமித்திருப்பார்கள். புதிய ஒலித் தொகுப்பு வந்து அதை மூடிவிடும். தமிழுக்கென்று தனி அடைவு அமைத்து, அழைப்பின் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். எழுத்தறியாத ஒருவர் முதன்முறை அழைத்து ஆங்கிலத்தைக் கேட்டால் போனை வைத்துவிடுவார், மறுபடி அழைக்கமாட்டார்.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டல் கணக்கு குரலை மட்டும் கூட்டுவதில்லை. காற்று, பம்புசெட், பேருந்து எல்லாவற்றையும் கூட்டுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத முப்பது இரைச்சல்கள் சேர்ந்தால் மொத்தம் சுமார் 15 டெசிபல் உயரும். கான்ஃப்பிரிட்ஜில் பேசாதவர்களின் ஒலியைக் கூட்டலிலிருந்து விலக்கும் அமைப்பு உண்டு. மீட்மீயிலிருந்து மாறும்போது அதை இயக்க மறந்தால், ‘முன்னைவிட மோசம்’ என்றே ஊர் சொல்லும். அதேபோல, ஈ-ஒன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் 32 இடங்களில் குரலுக்கு 30 மட்டுமே. முப்பத்தொன்றாமவருக்கு இணைப்பு கிடைக்காததற்கு அப்டேட் காரணமல்ல.

கரிசல் பூமியில் இந்த வேலைகளுக்குத் தோதான காலம் சித்திரையும் வைகாசியும். அறுவடை முடிந்திருக்கும், விதைப்புக் கூட்டங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். அப்போது அப்டேட்டை முடித்துவிட்டு சர்வரை வேண்டுமென்றே அணைத்துப் போட வேண்டும்; புதிய கெர்னலை அன்றே பார்த்துவிடலாம். ஆவணியிலிருந்து மார்கழி வரை கெர்னலைப் பூட்டி வைப்பது நல்லது. தவிர்க்க முடியாத பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதையும் மறுதொடக்கத்தோடு சேர்த்து, கூட்டம் இல்லாத நாளில் செய்யலாம்.

சோதனை அழைப்பை எவ்வளவு நேரம் நடத்துவது? இணையம் வழியே வரும் போனின் பாக்கெட்டுகளை அந்தப் போனுக்குள் இருக்கும் படிகக் கடிகாரம் தட்டி அனுப்புகிறது. சர்வரின் தட்டல் வேறொரு படிகத்திலிருந்து வருகிறது. இரண்டும் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபடுவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 0.4 அளவு மிஞ்சும். 400 நொடியில், அதாவது 6 நிமிடம் 40 நொடியில், 160 அளவுகள் சேர்ந்து ஒரு முழுப் பாக்கெட் கூடுதலாகிவிடும். ஒரு மணி நேரத்தில் இப்படி ஒன்பது. பாக்கெட்டுகளின் முன்பின் வரவைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபர் ஒழுங்காக இருந்தால் சர்வர் அவற்றை யாரும் கவனியாத மௌன இடைவெளிகளில் களைந்துவிடும். அமைப்பு தவறியிருந்தால் அவை வரிசையில் தங்கி, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே தாமதம் மெல்ல மெல்ல நீளும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால் பேச்சின் இயல்பு கெடத் தொடங்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஐந்து நிமிடச் சோதனையில் இந்தக் கோளாறு தலைகாட்டாது. மூன்று போன்களை இணைத்து, அதில் ஒன்றின் அருகே வானொலியைப் பேசவிட்டு, ஒரு மணி நேரம் வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் மறுமுனைக்காரரோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எண்ணிப் பார்க்க வேண்டும்.